உதடு மரத்துப்போகும் நேரம்

“இங்கெல்லாம் சீல் ஒடச்சுத்தான் பல்லு எடுப்பாங்களாமா. சும்மா பயப்படாதீங்கக்கா,” என்று வெளியே காத்திருந்தவர்களில் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னது, பாதிக் கதவுக்கு மேலாக வந்து இரண்டாம் அறைக்குள் விழுந்தது. வைசாலி அப்போதுதான் சென்னியப்பனின் வாயிலிருந்து ஊசியை வெளியே எடுத்திருந்தாள். சுவரில் பல் வடிவக் கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. பற்பசைக் கம்பெனி ஆள் கொடுத்துவிட்டுப் போனது. அதை வரைந்தவன் கடைவாய்ப் பல்லுக்கு ஒற்றை வேர் போட்டு, அதன் மேல் ஒரு சிரிப்பையும் வரைந்திருந்தான். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்து கீழ்த்தாடை நரம்பில் ஊறி, உதட்டில் பாதி தன்னுடையதில்லை என்று அந்த மனிதருக்குத் தோன்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் பல்லில் கை வைக்கலாம். பத்து நிமிடம் என்பது புத்தகக் கணக்கு. இந்தக் கிளினிக்கின் முதலாளி டாக்டர் கிருபாகரனின் கணக்கில் ஐந்து. நாற்காலி சும்மா இருக்கக் கூடாது என்பது அவருடைய வேதம். அதில் எப்போதும் யாராவது வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவளுக்குக் கழுத்து இற்றுப்போகிறதா, காலையிலிருந்து ஒருமுறையாவது பாத்ரூம் போனாளா என்பதெல்லாம் அந்த வேதத்தில் இல்லை. வெளியே பேசியது சென்னியப்பனின் மனைவியாகத்தான் இருக்கும். உள்ளே வரும்போதே வைசாலியை மேலிருந்து கீழே பார்த்து, “பெரிய டாக்டர் இல்லீங்களா?” என்று கேட்டவள். இப்போது அதே வாயால் இன்னொருத்திக்குத் தைரியம் சொல்கிறாள். சீல் உடைத்து. என்ன அழகான நம்பிக்கை. பிஸ்கட் பாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். மேலே காகிதம் ஒட்டியிருந்தால் போதும், உள்ளே சுத்தம். இந்த ஜனங்களை ஏமாற்றுவதற்கு ஐந்து வருடம் படித்த ஆள் எதற்கு, செல்லோ டேப் போதுமே.

செல்லோ டேப்தான். அது அவள் இடதுகைப் பக்கம், எஃகுத் தட்டின் மேல், அந்தப் பாக்கெட்டின் வாயில் பளபளவென்று ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். உள்ளே கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்கிற குறடு, நெம்புகிற கம்பி, ஒரு சின்னக் கண்ணாடி. காகிதத்தின் ஓரத்தில் அம்புக்குறி. கடையில் வாங்கும்போது அந்த அம்பு இளஞ்சிவப்பாக இருக்கும். ஆட்டோகிளேவ் என்கிற ஆவிப் பெட்டியில் வைத்து, சரியான சூட்டில் சரியான நேரம் வெந்தால் காப்பி நிறமாகும். காப்பி நிறமானால் உள்ளே கிருமி இல்லை. ஒருமுறை மாறின நிறம் திரும்பாது. அதனால்தான் ஒரு பையை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று பையிலேயே அச்சடித்திருக்கிறான். இங்கே பழைய பைகளைத் தூக்கிப் போடுவதில்லை. கலாமணி அவற்றை நீவி, அலமாரியில் தினசரிக் காலண்டர் அட்டைக்கு அடியில் வைத்து, இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாக்கி எடுப்பாள். அப்புறம் உள்ளே எதை வைத்தாலும் அம்பு காப்பி நிறம்தான். வெந்தாலும் காப்பி நிறம், வேகாவிட்டாலும் காப்பி நிறம். செத்துப்போனவனின் கையெழுத்தை வைத்துப் பென்ஷன் வாங்குகிற மாதிரி. மாதத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்கிற ஆவிப் பெட்டி சனிக்கிழமையிலிருந்து சூடாவதே இல்லை. விளக்கு எரிகிறது, உறுமுகிறது, கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜைத் திறந்தது போல இருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் வியாழக்கிழமை வருவானாம். இன்று செவ்வாய். அதுவரை என்ன செய்வது என்று கலாமணி கேட்டதற்கு, “சொல்யூஷன்ல பத்து நிமிஷம் போட்டு எடுத்துப் பாக்கெட்ல வெச்சுரு கலா, அப்பாயின்மென்ட எதுக்குத் தள்ளணும்?” என்றார் டாக்டர் கிருபாகரன். பத்து மணி நேரம் ஊற வேண்டியது பத்து நிமிடம். அந்தக் கரைசலும் மூன்று வாரத்துக்கு முன்னால் கலந்தது. அதன் மஞ்சள் நிறமே போய், கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

“மரத்துப்போச்சுங்களா?” என்று கேட்டாள். குரல் வழக்கம்போல மாஸ்க்குக்குள்ளேயே தங்கிவிட்டது. அவள் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது.

“இன்னும் இல்லீங் கண்ணு. நாக்கு மட்டும் ஒரு மாதிரி சுர்ருங்குது.”

சென்னியப்பன் மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். உள்ளங்கை ரேகை, நகக்கண், காது மடலின் பின்பக்கம், எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறியிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி. அந்தப் பல் பதினைந்து நாளாக வலி. கிராம்பு வைத்தார், பிராந்தி வைத்தார், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை வைத்தார். விழுங்கவில்லை, பல்லின் மேலேயே வைத்தார். ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. வாயைத் திறந்து பார்த்தவுடன் வைசாலிக்கு வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். வீட்டில் இருக்கிற அத்தனையையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்து, “வலிக்காம எடுப்பீங்களா?” என்கிறார்கள். அந்த எரிச்சலில் ஒரு சௌகரியம் இருந்தது. எரிச்சல்படுகிற வரைக்கும் தட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டு. தட்டைப் பார்த்தாள்.

அந்தக் குறடு காலை ஒன்பதரைக்கு இன்னொரு வாயில் இருந்தது. அதில் சந்தேகப்பட இடமே இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கான குறடு இரண்டு உண்டு. ஒன்று பெருந்துறைக் கிளைக்குப் போய்த் திரும்பவில்லை. மிச்சம் இது ஒன்றுதான். கைப்பிடியில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும், பிளாஸ்டிக் வழியாகவே தெரிகிறது. ஒன்பதரைக்கு வந்தவர் டயர் கடைக்காரர். படிவத்தில் ‘வேறு ஏதேனும் நோய்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். பல்லை எடுத்து முடித்து, பஞ்சைக் கடிக்கச் சொல்லி, எழுந்து செருப்பைப் போடும்போது, ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார்: “ரத்தம் நின்னுருமுங்களா? போன ஆவணில மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசம் படுத்துட்டனுங். கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுத்தான் எந்திரிச்சேன்.” டெஸ்ட் ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டாள். “கண்ணப் பாத்தாலே தெரியுதுங், அதுக்கெதுக்கு டெஸ்ட்டு?” காமாலை தண்ணீரில் வருகிற வகை இருக்கிறது, வந்து போய்விடும். ரத்தத்தில் வருகிற வகை இருக்கிறது. அது போகாது, ஈரலிலேயே குடியிருக்கும், அடுத்தவன் ரத்தத்தில் ஒரு துளியின் துளி பட்டாலும் அங்கேயும் போய்க் குடியேறும். இரண்டில் எது என்று கீழாநெல்லிக்குத் தெரியாது. வைசாலிக்கும் தெரியாது. முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், வாய்விட்டு, ஒவ்வொரு நோயாகப் பெயர் சொல்லி. கேட்கவில்லை, ஏனென்றால் படிவத்தில் கோடு போட்டிருந்தது, கோட்டைப் படிப்பது மனிதர்களிடம் பேசுவதைவிட அவளுக்குச் சுலபம். கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும். குறடு அதே குறடு, கரைசல் அதே கஞ்சித் தண்ணீர். அந்தக் கரைசலிலிருந்து எடுத்து, கழுவி, டேப் ஒட்டி, காப்பி நிற அம்போடு இதோ இந்த மஞ்சள் மண்டிக்காரருக்காகத் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து அவர் ஈறுக்குள் வைக்கப்போகிற கை டாக்டர் கிருபாகரனின் கை இல்லை.

அவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் முதல் அறையில் இருக்கிறார். முதல் அறையில் ஏசி, முதல் அறையில் சினிமாத் தியேட்டர் மாதிரி ஒளி, முதல் அறையில் பல் வரிசையைச் சரிசெய்ய வருகிற கல்லூரிப் பெண்கள். பல் பிடுங்குவது, சீழ் எடுப்பது, நாற்றம், எல்லாம் இரண்டாம் அறை. காலை எட்டு மணிக்கு ‘புன்னகைக் குடும்பம்’ என்ற வாட்ஸப் குழுவில் சூரியகாந்திப் படத்தோடு ஒரு வாசகம் போடுவார். ஒன்பது மணிக்கு யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று போடுவார். அவள் சேர்ந்த முதல் நாள் அவர் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை பாக்கெட் பிரிப்பதுதான். பேஷண்ட் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். டேப்பின் நுனியைப் பிடித்துச் சர்ரென்று ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். “கிழிக்கிற மாதிரி இருக்கணும் டாக்டர். கிழியக் கூடாது.” இரண்டு தடவை செய்து காட்டினார். அந்தச் சத்தத்தில் பேஷண்ட்டின் முகம் தெளிவதைப் பார்க்கச் சொன்னார். தெளியத்தான் செய்தது. கோயிலில் திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் மாதிரி. இவ்வளவு நுட்பமாக மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவர், தன்னுடைய சொந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ளக் கோயமுத்தூருக்குப் போனார், சித்திரை மாதம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. நண்பராம். நண்பர் நல்ல நண்பர்தான், அவரிடம் ஓடுகிற ஆவிப் பெட்டி இருக்கும். வைசாலியின் நாக்கு மேல்வரிசையில் வலது கோடியிலிருந்த பள்ளத்துக்குப் போய்த் திரும்பியது. அவளுக்கும் சொத்தைப் பல் இருக்கிறது. நான்கு மாதமாக இருக்கிறது. நாக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை அங்கே போய், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறது. “ஸ்டாஃபுக்கு நான் ஃப்ரீயாவே அடைச்சு விட்டுருவேன்மா, ஒக்காரு,” என்றார் ஒருநாள். அப்புறம் பார்க்கலாம் சார் என்றாள். இந்த நாற்காலியில் அவள் உட்கார மாட்டாள். எட்டு மாதமாக ஒரு நாளைக்குப் பதினைந்து பேரை இதில் உட்காரவைக்கிறாள். அப்படியானால் அவருக்கும் இவளுக்கும் வித்தியாசம் என்ன, பஸ் டிக்கெட்டா. அவர் கோயமுத்தூர் போகிறார், இவள் போகாமல் வலியோடு இருக்கிறாள். அவ்வளவுதானே.

பதினொன்று ஐம்பத்தைந்து. கலாமணி பஞ்சு டப்பாவோடு உள்ளே வந்தாள். நாற்பது வயது தாண்டியவள், பதினொரு வருடமாக இங்கே உதவியாளர். எதற்கும் ஆச்சரியப்படாத முகம். அந்த முகத்தை வைசாலிக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கொள்ளியை நீட்டினாலும் ‘சூடா இருக்குதுங்’ என்று மட்டும் சொல்லும் முகம்.

“கலாக்கா.” கதவுப் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இது காலைல யூஸ் பண்ணதுதான?”

“வேற எது இருக்குது? ஒண்ணுதான கெடக்குது.”

“காலைல வந்தவருக்கு மஞ்சக்காமாலை இருந்திருக்கு.”

கலாமணி பஞ்சை உருட்டி உருட்டி வைத்தாள். “சொல்யூஷன்ல போட்டுத்தான் எடுத்தனுங்.”

“பத்து நிமிஷம்.”

“நீங்க சொன்னா நான் ஒரு மணி நேரம் போடறனுங் டாக்டரம்மா. சாரு வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லோணும்.” கண்ணை நிமிர்த்தி ஒரு பார்வை. “சொல்லுவீங்களா?”

வைசாலி தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எட்டு மாசமா எங்கிட்டத்தான் வந்து மொணமொணங்கறீங்க. நான் பத்தாவது பெயிலு. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டு, பஞ்சு டப்பாவை மூடி, நிதானமாக வெளியே போனாள்.

ஆத்திரம் வந்தது. கலாமணி சொன்னதில் தவறு ஒன்றும் இல்லாததால் அது இன்னும் கூடியது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள், பழைய பையை நீவி வைக்கிறவள், என்னைக் கேட்கிறாளா. பதினைந்து நாள் முன்னால் ஊசிக்கு மூடி போடும்போது கலாமணியின் கட்டைவிரலில் ஏறிவிட்டது. யாருக்கோ போட்ட ஊசி. டாக்டர் கிருபாகரன் முதல் அறையிலிருந்தபடியே, “நல்லாப் பிழிஞ்சு சோப்புப் போட்டுக் கழுவிரு கலா. நம்ம பேஷண்ட் எல்லாம் நல்ல குடும்பத்து ஆளுங்கதான்,” என்றார். அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை இல்லை. அவளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்ற கேள்விகூட இல்லை. அவளும் பிழிந்தாள், கழுவினாள், ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள், அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டாள். அவமானப்படக்கூடத் தெரியாதவள் என்று அன்றைக்கு வைசாலி நினைத்தாள். அப்படி நினைத்தபடி அவள் என்ன செய்தாள்? கையுறையை மாற்றினாள். அதுவும் மாற்றினாளா. அன்றைக்குப் பெட்டியில் கையுறை குறைவாக இருந்தது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டாள் என்று நினைவு. ராசிபுரத்தில் அப்பா அவள் கடைசி வருடப் பரீட்சை எழுதுவதற்கு முன்பே வாசலில் ‘டாக்டர் வைசாலி’ என்று போர்டு அடித்து மாட்டிவிட்டார். அந்த வீட்டில் யாருக்கும் பல் வைத்தியம் நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை. தபால்காரருக்கு அடையாளம் சொல்ல வசதியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணும்போது, “நேத்து எத்தனை பேரு பல்லு எடுத்தே?” என்று கேட்பார், ஏதோ அவள் காடு வெட்டித் திருத்திக்கொண்டிருப்பது போல. ஆறு என்பாள், ஏழு என்பாள். அந்த ஏழு பேரும் இப்போது எங்கே இருப்பார்கள். ஒருவருக்கும் எதுவும் ஆகியிருக்காது. ஆனாலும் யாருக்குத் தெரியும். அதில்தானே வசதி. ஆறு மாதம் கழித்து ஒருவனுக்குக் கண் மஞ்சளானால், அவன் பரோட்டாக் கடையைச் சொல்வான், மைத்துனன் கல்யாணத்துத் தண்ணீரைச் சொல்வான். செத்தாலும் சீல் உடைத்த இடத்தைச் சொல்ல மாட்டான். இந்தத் தொழிலில் குற்றம் செய்கிறவனுக்கு இருக்கிற பாதுகாப்பு கொள்ளைக்காரனுக்குக்கூடக் கிடையாது.

“கண்ணு,” என்றார் சென்னியப்பன். வாய் ஒரு பக்கமாகக் கோணத் தொடங்கியிருந்தது. “ஒதடு இப்ப தடிப்பாத் தெரியுதுங். தொட்டுப் பாத்தா வேற யாரோ ஒதட்டத் தொடற மாதிரி இருக்குது.”

“இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்.”

“வெள்ளிக்கிழம மண்டிக்குப் போலாமுங்களா? பாரம் நெறைய வருது. நாமதான் தராசுத் தட்டுகிட்ட நிக்கோணும், வேற ஆள நிறுத்துனா கையி சும்மா இருக்காது.” சிரிக்கப் பார்த்தார், பாதி முகம்தான் சிரித்தது. “எடைல கை வெக்க மாட்டனுங் நானு. கேட்டுப் பாருங்க யாரை வேணாலும்.”

இதை யார் கேட்டார்கள். தட்டில் கை வைக்காத ஒரே ஆள் இவர்தானாம். எல்லோரும் தன்னைப் பற்றி இப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். டாக்டர் கிருபாகரன்கூட வருடத்துக்கு ஒருமுறை முதியோர் இல்லத்தில் முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார். ஆனால் இவர் சொன்னது பொய்யாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். எழுந்திருக்கச் சொல்லலாம். இன்றைக்கு எடுக்க முடியாது, வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். கதவுக்கு வெளியே அவர் மனைவி எழுந்து நின்று கேட்பாள், ஊசி போட்டுட்டு எதுக்குங்க எடுக்க மாட்டீங்க, பெரிய டாக்டரக் கூப்புடுங்க. பெரிய டாக்டர் வருவார். தோளில் கை போட்டுப் பேசுவார். சின்னப் பொண்ணு, பயந்துட்டாங்க, என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் தன் கையாலேயே அந்தப் பாக்கெட்டை எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, சர்ரென்று. ஆக, அவள் மறுத்தாலும் குறடு அந்த வாய்க்குள்தான் போகும். மறுப்பதால் என்ன லாபம், கை மட்டும் அவளுடையதாக இருக்காது. இந்த வாதம் அவளுக்கு உடனே பிடித்துவிட்டது, பிடித்துவிட்டது என்பதே அருவருப்பாக இருந்தது. இப்படித்தான் ஒவ்வொருவனும் ஆரம்பித்திருப்பான். டாக்டர் கிருபாகரனும் ஒரு காலத்தில் யாருடைய இரண்டாம் அறையிலோ நின்று, இப்படி ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இப்படி ஒரு வாதத்தைக் கண்டுபிடித்திருப்பார். அவருடைய ஆரம்பத்தை அவளால் அவ்வளவு சுலபமாகக் கற்பனை செய்ய முடிந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டு. பாதிக் கதவுக்கு மேல் டாக்டர் கிருபாகரனின் தலை முளைத்தது. “என்ன டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா? வெளிய அஞ்சு பேர் இருக்காங்க.” நாற்காலியைப் பார்த்து, குரலில் தேன் ஊற்றி, “என்னங்கண்ணா, சௌகரியமா இருக்கீங்களா? நம்ம டாக்டர் கை பூ மாதிரி. தெரியவே தெரியாது.”

சென்னியப்பன் கும்பிட்டார்.

“சார்,” என்றாள் வைசாலி. “இந்த ஃபோர்செப்ஸ்…”

“பாக்கெட்லதான இருக்கு?”

“இருக்கு சார். ஆனா காலைல…”

“அண்ணனுக்கு முன்னாடியே பிரிங்க. நம்ம ஆஸ்பத்திரில ஒளிவு மறைவே கிடையாதுங்கண்ணா,” என்று சிரித்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அவள் பக்கம் திரும்பி ஒரு நொடி நின்றது. தலை மறைந்தது.

அவள் பேசியே விட்டாள். ஏழு வார்த்தை. எட்டு மாதத்தில் அவரிடம் அவள் பேசியதிலேயே அதிகம், அதற்குள் வாக்கியம் அறுந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பதில் தெரியும், கை தூக்க மாட்டாள், பக்கத்திலிருப்பவள் தப்பாகச் சொல்லும்போது உள்ளுக்குள் சிரிப்பாள். உள்ளுக்குள் சிரிக்கிறவர்களுக்கு என்ன பெருமை. உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் அற்பம் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் சொன்னதைச் செய்துகொண்டிருப்பதுதானே அது. கலாமணியாவது அற்பம் என்று நினைக்காமல் செய்கிறாள். கை தானாகத் தட்டுக்குப் போயிற்று. பாக்கெட்டை எடுத்தாள். சென்னியப்பன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார், அந்தப் பார்வை, அந்தத் தெளிவு. டேப்பின் நுனி விரலில் பட்டது. அப்போது பின்கட்டிலிருந்து ஒரு விசில் வந்தது, நீளமாக.

சோறு. மதியத்துக்கு யாரும் வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ போகக் கூடாது, நேரம் வீணாகிறது என்று ஆறு மாதமாக இங்கேயே பொங்கி, ஆளுக்கு ஐந்து நிமிடமாக நின்றுகொண்டு தின்கிறார்கள். ஐந்து லிட்டர் குக்கர். ஒரு நாளும் அவள் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை, இப்போது அதன் உள்பக்கம், ஆழம், மூடியின் ரப்பர், எல்லாம் கண்முன் வந்தது. மூன்றாம் வருடப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி: வசதி இல்லாத இடங்களில் கருவிகளைச் சுத்திகரிப்பது எப்படி? விடை: பிரஷர் குக்கர், முழு அழுத்தத்தில் இருபது நிமிடம். யாரும் படிக்கவில்லை. கொல்லிமலை முகாமில் நிஜமாகவே ஒரு குக்கரை அடுப்பில் ஏற்றியபோது எல்லோரும் ஃபோனில் படம் எடுத்து, ‘இன்றைய ஸ்பெஷல் குறடு பிரியாணி’ என்று போட்டார்கள். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தப் பெட்டியில் இருப்பதும் ஆவி. இதுவும் ஆவி. சனிக்கிழமையிலிருந்து நான்கு நாளாகப் பத்தடி தூரத்தில் தினமும் விசில் அடித்துக்கொண்டிருந்தது, காது கேட்கவில்லை. மரப்பு ஒன்றரை மணி நேரமாவது நிற்கும். ஏற்றி இறக்கி ஆற வைக்க முப்பது, முப்பத்தைந்து நிமிடம் போதும். அவரிடம் சொன்னால்? சொல்ல முடியாது, வாக்கியம் அறுந்துவிடும். பன்னிரண்டு.

“அண்ணா, ஒரு அரை மணி நேரம் இப்படியே உக்காந்திருங்க,” என்றாள். “மரப்பு போகாது.”

“எங்கீங் போறீங்க?”

பாக்கெட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சென்னியப்பனின் மனைவி எழுந்தேவிட்டாள். முதல் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் கிருபாகரன் ஒரு பெண்ணுக்குப் பல் வரிசைப் படம் காட்டிக்கொண்டிருந்தார். வைசாலி அதைத் தாண்டி நடந்தாள், தட்டில் குறடு லேசாகக் கணகணத்தது.

பின்கட்டில் கலாமணி அப்போதுதான் அடுப்பை அணைத்திருந்தாள். வைசாலி கரண்டியால் குக்கர் வெயிட்டை நெம்பினாள். ஆவி சீறிக்கொண்டு மேலே போனது.

“அட, சோறு இன்னும் அடங்கல டாக்டரம்மா. என்ன பசி?”

ஆவி ஓய்ந்ததும் மூடியைத் திறந்து, சோற்றைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். குக்கரைக் கழுவினாள். அடியில் தண்ணீர் ஊற்றி, வளையம் வைத்து, அதன் மேல் ஒரு சின்னத் தட்டு வைத்தாள். பாக்கெட்டைப் பிரித்துக் குறடு, கம்பி, கண்ணாடி மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். குறட்டின் வாய் இடுக்கில் பிரஷ் விட்டுத் தேய்த்தபோது ஒரு பழுப்புத் துணுக்கு வெளியே வந்தது. கலாமணி அதைப் பார்த்தாள். வைசாலி மூன்றையும் தட்டில் வைத்து, மூடியைத் திருகி, வெயிட்டைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள். பன்னிரண்டு எட்டு.

காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் கிருபாகரன் வாசற்படியில் நின்றார். தாம்பாளத்தில் ஆவி பறக்கிற சோறு, அடுப்பில் குக்கர், அவள் கையில் ஈரம். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

“என்ன கூத்து இது? வெளிய பேஷண்ட் இருக்காங்க.” குரலை உயர்த்தவில்லை. “இத யாராவது ஃபோட்டோ எடுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? வந்து எட்டு மாசந்தான் ஆச்சு.”

வைசாலி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ‘சார்’ என்பது வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஆனால் அடுப்புக்கும் அவருக்கும் நடுவில்தான் நின்றாள், நகரவில்லை.

“கலா,” என்றார். “நிறுத்திட்டு அத எடுத்துப் பாக்கெட்ல வை. நானே பண்ணிக்கறேன்.”

கலாமணி சேலையில் கையைத் துடைத்தாள். அவர் பக்கமாக வந்தாள். அவர் வழிவிட்டு ஒதுங்கினார். அவரைத் தாண்டி நடைக்குப் போய், அலமாரியைத் திறந்து, டேப் ஒட்டி அடுக்கியிருந்த மிச்சம் ஒன்பது பாக்கெட்டுகளையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு திரும்பி வந்து, ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே இருந்தவற்றைத் தேய்க்கிற தொட்டியில் கொட்டினாள்.